பத்து மைக்ரானுக்குக் கீழே படம் மங்கியது ஏன்? ஒரு கான்ஃபோக்கல் நிகழ்வு ஆய்வு

"அண்ணா, 488 லேசர் செத்துப்போச்சு போல" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த மாணவி உள்ளே வந்தார்.

கான்ஃபோக்கல் என்பது லேசரால் மாதிரியைத் தளம் தளமாகப் படம் எடுக்கும் மைக்ராஸ்கோப்; 488 என்பது அதில் ஒரு லேசரின் அலைநீளம், நானோமீட்டரில். அந்த அறையைப் பார்த்துக்கொள்பவனுக்கு இது பழகிப்போன வாக்கியம். வாரத்துக்கு ஒரு லேசராவது இப்படிச் சாகும். போய்ப் பார்த்தால் ஷட்டர் மூடியிருக்கும், இல்லையென்றால் யாரோ ஃபில்டரை மாற்றி வைத்திருப்பார்கள். இந்த முறை அப்படி ஐந்து நிமிடத்தில் முடியவில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் அவர் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தையே திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

ஸ்லைடில் இருந்தது சுண்டெலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி. வைப்ரடோம் என்ற சீவும் கருவியில் 50 மைக்ரான் தடிமனில் சீவியது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உட்கருவுக்கு டாபி சாயம், மூளையின் நோய் எதிர்ப்பு செல்களான மைக்ரோக்ளியாவுக்கு ஐபா-1 ஆன்டிபாடி, அதன்மேல் பச்சையாக ஒளிரும் அலெக்சா 488 சாயம். மருந்து கொடுத்த எலிகளில் மைக்ரோக்ளியா வீங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே அவருக்கு அழகான படம் மட்டும் போதாது, ஒவ்வொரு செல்லின் கன அளவும் வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புகார் இதுதான்: மேலாக எட்டு, பத்து மைக்ரான் வரை செல்கள் நன்றாகத் தெரிகின்றன. அதற்குக் கீழே போகப் போக மங்குகின்றன. 25 மைக்ரானில் வெறும் மணல்தான் மிச்சம்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்த செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். அவருடைய ஆய்வகத்தில் படித்து முடித்துப்போன ஒரு சீனியர் சேமித்து வைத்துவிட்டுப் போனது. 63 மடங்கு, என்ஏ (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதன் அளவு) 1.4 எண்ணெய் ஆப்ஜெக்டிவ், அதாவது ஸ்லைடுக்கும் தனக்கும் நடுவில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸ். டிடெக்டரின் கெயின் 950 வோல்ட். குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியைத் தடுக்கும் துளையான பின்ஹோல் 3 ஏரி யூனிட். ஜூம் 1, 512க்கு 512 பிக்சல், 8 பிட். இசட் படி, அதாவது ஆழத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, 2 மைக்ரான். ஸ்கேன் வேகம் 1000 ஹெர்ட்ஸ், இருதிசை. டாபியும் பச்சையும் ஒரே நேரத்தில். லேசர் 25 சதவீதம்.

பார்த்த உடனே எனக்கு வந்தது எரிச்சல்தான். ஒரு செட்டிங்கில் இத்தனை தப்பு எப்படி ஒன்றாகச் சேர்ந்தது? அந்த எரிச்சலில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கருவியா, ஸ்லைடா

முதலில் கருவியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். இதற்கென்றே மேசை இழுப்பறையில் இரண்டு ஸ்லைடுகள் வைத்திருக்கிறேன். ஒன்று, முழுக்க ஒரே சீராக ஒளிரும் பிளாஸ்டிக் துண்டு. இன்னொன்று, மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் அடியிலேயே காய்ந்து ஒட்டிய 0.1 மைக்ரான் மணிகள். இரண்டையும் மாதம் ஒருமுறை ஒரே செட்டிங்கில் படம் எடுத்து வைப்பது வழக்கம். அன்றைக்கு எடுத்ததையும் போன மாதத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெளிச்சம் அதேதான், மணிகளும் அதே கூர்மை. ஆப்ஜெக்டிவ் நுனியில் பவர் மீட்டரை வைத்தும் பார்த்தேன். 488 உயிரோடுதான் இருந்தது.

இடையில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. 20 மடங்கு ஆப்ஜெக்டிவின் முன் லென்ஸில் எண்ணெய்ப் படலம். அது காற்றில் வேலை செய்ய வேண்டிய லென்ஸ். எண்ணெய் விட்ட ஸ்லைடோடு யாரோ 63லிருந்து 20க்குத் திருப்பியிருக்கிறார்கள். இந்தப் புகாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. லென்ஸ் தாளில் ஒரு சொட்டு கரைப்பான் விட்டு, அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்துத் துடைத்தேன். ஆனால் அடுத்த வாரம் இதனாலேயே வேறொருவர் வந்து "20எக்ஸ் செத்துப்போச்சு" என்று சொல்லியிருப்பார்.

சரி, கருவி நன்றாக இருக்கிறது. அடுத்து செட்டிங்.

கெயின் என்பது ஒலிபெருக்கியின் குமிழ் மாதிரி. பாடுகிறவர் முணுமுணுத்தால் குமிழைத் திருகி ஊருக்கே கேட்க வைக்கலாம், இரைச்சலும் கூடவே கேட்கும். டிடெக்டருக்கு ஒரு பிக்சலில் 9 ஃபோட்டான் வந்தால், அந்த எண்ணிக்கையே தன்பாட்டில் 3 ஏறி இறங்கும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 100 வந்தால் 10தான் ஆடும், பத்தில் ஒரு பங்கு. வோல்ட்டை 950க்கு ஏற்றினால் 9 ஃபோட்டானும் திரையில் பளிச்சென்று தெரியும். ஆனால் வந்தது 9தான். அவர் "மணல்" என்று சொன்னது இதைத்தான். கெயினை 700க்குக் கீழே இறக்கி, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியையும் நான்கு முறை ஸ்கேன் செய்து சராசரி எடுத்தோம். நான்கு முறைக்கு இரைச்சல் பாதியாகும்.

பின்ஹோல் அடுத்தது. ஏரி யூனிட் என்றதும் குளம் குட்டை ஞாபகம் வர வேண்டாம். ஜார்ஜ் பிடெல் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளரின் பெயர் அது. ஒரு புள்ளி ஒளி லென்ஸ் வழியாக வரும்போது நடுவில் வட்டும் சுற்றிலும் வளையங்களுமாக விழும். அந்த நடு வட்டின் அகலம்தான் ஒரு ஏரி யூனிட். பின்ஹோலை அதே அளவுக்கு வைத்தால், இந்த ஆப்ஜெக்டிவில் பச்சை ஒளிக்குச் சுமார் 0.85 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தளம் மட்டும் படத்தில் வரும். 3 யூனிட்டுக்குத் திறந்தால் அது 2 மைக்ரானைத் தாண்டிவிடும். கான்ஃபோக்கலுக்குக் காசு கொடுத்துவிட்டு சாதா ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப் பக்கமாக நடந்து போவது போலத்தான்.

பிக்சல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எங்கள் கருவியில் 63 மடங்கில், ஜூம் 1ல், புலம் 185 மைக்ரான். அதை 512ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.36 மைக்ரான். அந்த லென்ஸால் 0.2 மைக்ரான் அளவுக்குப் பிரித்துக் காட்ட முடியும். அப்படியானால் பிக்சல் அதில் பாதிக்கும் குறைவாக, 0.08 அல்லது 0.09 இருக்க வேண்டும். ஜூம் 2, 1024 பிக்சல் என்றால் 0.09 வந்துவிடும். "512 போதும்னு சொன்னாங்க" என்றார். 512 போதுமா, 1024 வேண்டுமா என்பது கேள்வியே கிடையாது. ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள்.

மற்றதெல்லாம் கைவேலை. டாபியின் ஒளி வால் நீண்டது, பச்சை டிடெக்டருக்குள்ளும் எட்டிப் பார்க்கும். பச்சைப் படத்தில் மங்கலாக உட்கருக்கள் தெரிந்தது அதனால்தான். இரண்டையும் அடுத்தடுத்து ஸ்கேன் செய்ய வைத்ததும் போய்விட்டது. இருதிசை ஸ்கேனில் செல்லின் ஓரங்கள் ரம்பப் பல் மாதிரி இருந்தன. போகும் வரியும் வரும் வரியும் ஒத்துப்போகவில்லை. ஃபேஸைத் திருகி நேராக்கினோம். வெளிச்சப் படிகள் கூடட்டும் என்று 8 பிட்டை 12 ஆக்கினோம்.

எல்லாம் முடிந்து ஒரு ஸ்டாக், அதாவது ஆழத்தில் தளம் தளமாக ஒரு படத்தொகுப்பு, எடுத்தோம். மேற்பரப்பில் செல்கள் அருமையாக வந்தன. மைக்ரோக்ளியாவின் மெல்லிய கிளைகள்கூடத் தெரிந்தன. மாணவி முகத்தில் சிரிப்பு.

12 மைக்ரானில் சிரிப்பு போய்விட்டது. 20 மைக்ரானில் முன்பைவிட மோசம். பின்ஹோலை மூடியதும் மிச்சமிருந்த வெளிச்சமும் காணாமல் போனது.

நான் வழுக்கிய இடம்

இப்போது என் பங்குத் தப்பு. ஆழத்தில் மங்கினால் கவர்ஸ்லிப்பைச் சந்தேகப்படு என்பது மனப்பாடம். ஆப்ஜெக்டிவின் உடம்பிலேயே 0.17 என்று பொறித்திருக்கும். அந்தத் தடிமனுள்ள கண்ணாடி, அதாவது 1.5 நம்பர், போட வேண்டும். அவருடைய டப்பாவில் இருந்த கவர்ஸ்லிப் ஒன்றை ஸ்க்ரூ கேஜில் அளந்தேன். 0.14 மில்லிமீட்டர், 1 நம்பர். "கிடைச்சுது ஆசாமி" என்று சொல்லிவிட்டு, புது கவர்ஸ்லிப் போட்டு இரண்டு ஸ்லைடு செய்துகொண்டு வரச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கொண்டு வந்தார். ஒரு மாற்றமும் இல்லை.

கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.518, கவர்ஸ்லிப் கண்ணாடியும் கிட்டத்தட்ட அதேதான். ஒளிக்கு எண்ணெய் முடிந்து கண்ணாடி ஆரம்பிக்கும் இடமே தெரியாது. கண்ணாடி 0.03 குறைந்தால் அந்த இடத்தை எண்ணெய் நிரப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். கவர்ஸ்லிப் தடிமன் உயிர்ப் பிரச்சினையாவது தண்ணீர், கிளிசரால், காற்று ஆப்ஜெக்டிவ்களுக்கு. எண்ணெய்க்கு அவ்வளவாக இல்லை. இத்தனை வருடம் இதே அறையில் உட்கார்ந்திருந்தும் இதை மறந்தேன்.

அப்படியானால் ஒளி தடுக்கி விழுவது கண்ணாடியைத் தாண்டிய பிறகு, மாதிரி கிடக்கும் திரவத்தில். ஸ்லைடை என்ன போட்டு மூடினாய் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன். "பிபிஎஸ்தான் அண்ணா. காயாம இருக்க ஓரத்துல நெயில் பாலிஷ்."

பிபிஎஸ் என்பது ஓர் உப்புக் கரைசல், கிட்டத்தட்ட தண்ணீர்தான், விலகல் எண் 1.33. எண்ணெய், கண்ணாடி என 1.52ல் வந்துகொண்டிருந்த கதிர்கள் திடீரென்று 1.33க்குள் இறங்குகின்றன. லென்ஸின் நடுவழியாக வரும் கதிர் ஓரிடத்தில் குவியும், ஓரத்தில் சாய்ந்து வரும் கதிர் வேறு ஆழத்தில் குவியும். மேற்பரப்பில் இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆழம் கூடக் கூட வளர்ந்துகொண்டே போகும். கூரான புள்ளி நீளமான வால் ஆகிவிடும்.

நம்பாதவர்களுக்காக ஒரு சோதனை செய்தோம். அவரும் நம்பவில்லை என்பதுதான் உண்மை. அதே மணிகளைப் பிபிஎஸ்ஸில் கரைத்த ஒரு சத அகரோஸ் கூழில் கலந்து, கவர்ஸ்லிப்பின் கீழ் உறைய விட்டோம். இப்போது மணிகள் எல்லா ஆழத்திலும் தொங்கும். ஸ்டாக்கைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தோம். கண்ணாடியை ஒட்டிய மணி அரிசி மாதிரி இருந்தது. 10 மைக்ரானில் அரிசிக்கு ஒரு பக்கம் மட்டும் வால் முளைத்திருந்தது. 20 மைக்ரானில் வால்நட்சத்திரமேதான், அதுவும் பாதி வெளிச்சத்தில். மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கான்ஃபோக்கலில் இந்தக் கோளாறுக்கு அபராதம் இரண்டு முறை. உள்ளே போகும் லேசர் பரந்து விழுகிறது, ஃப்ளூரசன்ஸ் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் பரந்து வருகிறது, பின்ஹோலுக்குள் நுழையாமல் வெளியே சிதறுகிறது. பின்ஹோலைத் திறந்தால் சிதறியதில் கொஞ்சம் உள்ளே வரும்.

எரிச்சலில் நான் கவனிக்காமல் விட்டது இதுதான். அந்த சீனியர் முட்டாள் இல்லை. ஆழத்தில் இருட்டியது, பின்ஹோலைத் திறந்தார், படம் தெரிந்தது. இன்னும் ஆழம் போனார், கெயினை ஏற்றினார். லேசரை ஏற்றினார், மாதிரி வெளுத்தது, அதனால் வேகத்தைக் கூட்டி, பிக்சலைக் குறைத்து, இசட் படியை அகலமாக்கினார். ஒவ்வொரு தப்பான எண்ணும் ஒரு வலிக்குப் போட்ட மாத்திரை. நான் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, நோய் அப்படியே இருக்கிறதே என்று முழித்தேன். செட்டிங்கை வரிசைப்படி படித்திருந்தால் அதுவே நோயின் வரலாறு.

உட்கரு என்ற அளவுகோல்

இதோடு முடிந்திருந்தால் இது சாதாரணக் கதை. கிளிசராலில் போடு, நல்ல படம் எடு, போய் வா.

பேச்சுவாக்கில் "எல்லா ஸ்லைடும் பிபிஎஸ்தானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. மருந்து கொடுத்த எலிகள் அவர் போட்டது, பிபிஎஸ். மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவின் ஸ்லைடுகள் சீனியர் கிளம்புவதற்கு முன் போட்டுவைத்தது, காய்ந்து இறுகும் வகை மவுண்டிங் மீடியம்.

ஸ்லைடுகளை வாங்கி பச்சையை அணைத்துவிட்டு டாபியை மட்டும் பார்த்தேன். ஹிப்போகேம்பஸின் டென்டேட் கைரஸ் பகுதியில் சிறு நியூரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவற்றின் உட்கரு ஏறக்குறைய உருண்டை. இயற்கையே போட்டுக் கொடுத்த அளவுகோல் அது. மேலிருந்து பார்த்தால் எவ்வளவு அகலமோ, பக்கவாட்டு வெட்டிலும் ஏறக்குறைய அவ்வளவு உயரம் இருக்க வேண்டும்.

மருந்துக் குழு ஸ்லைடில் அகலம் 9 மைக்ரான், உயரம் 11ஐத் தாண்டியது. முட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி. கட்டுப்பாட்டுக் குழுவில் அகலம் அதே 9, உயரம் 7. இட்லி.

முட்டைக்குக் காரணம் எண் பொருந்தாமைதான். ஸ்லைடு இருக்கும் மேடை 10 மைக்ரான் நகர்ந்தால், தண்ணீருக்குள் குவியப்புள்ளி 10 நகர்வதில்லை, எட்டரை அளவுக்குத்தான் நகரும். மென்பொருளோ மேடை நகர்ந்த தூரத்தைத்தான் எழுதிக்கொள்கிறது. அதனால் எல்லாமே செங்குத்தாக இழுபடும். இட்லிக்குக் காரணம் வேறு. இறுகும் மீடியம் காயும்போது சுருங்கி, திசுவையும் சேர்த்து அமுக்கிவிடும். 50 மைக்ரான் சீவல் காய்ந்தபின் 50 இருக்காது.

ஒரு குழு நீண்டிருக்கிறது, இன்னொன்று அமுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் "மருந்து கொடுத்தால் மைக்ரோக்ளியா வீங்குகிறது" என்ற முடிவு உட்கார்ந்திருக்கிறது. வீங்கியது செல்லா, அளவுகோலா?

அவருடைய வழிகாட்டியிடம் இதைச் சொல்லப் போனபோது நானும் உடன் போனேன், தனியாக அனுப்ப மனசு வரவில்லை. படங்களைக் காட்டினோம். "ரெண்டு வருஷ வேலைப்பா இது" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை ஸ்லைடு திருப்பிப் போடணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

திருப்பிப் போட்டது

எங்கள் அலமாரியில் 63 மடங்கு, என்ஏ 1.3 கிளிசரால் ஆப்ஜெக்டிவ் ஒன்று டப்பாவிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் திருகு வளையம் இருப்பதால் எல்லோருக்கும் பயம். 80 சதவீத கிளிசராலுக்கென்று செய்தது, விலகல் எண் 1.45. எண்ணெய் லென்ஸோடு ஒப்பிட்டால் பிரிதிறன் 178 நானோமீட்டரிலிருந்து 191 ஆகிறது. ஆழத்தில் கிடைக்கப்போவதைப் பார்த்தால் இது சில்லறை.

ஸ்லைடுகளைப் பிபிஎஸ்ஸில் மூழ்கடித்து வைத்தோம். நெயில் பாலிஷ் போட்டவை அன்றைக்கே கழன்றன. இறுகியவற்றுக்கு மூன்று நாள் வரை ஆனது. வழுக்கி நகரும் வரை காத்திருக்க வேண்டும், நெம்பினால் ஹிப்போகேம்பஸ் பாதி கவர்ஸ்லிப்போடு போகும். இரண்டு அப்படிப் போனது. மிச்சம் எல்லாவற்றையும், இரண்டு குழுவையும் கலந்து, ஒரே நாளில், வெளுப்பைத் தடுக்கும் மருந்து கலந்த 80 சத கிளிசராலில், சீவல் நசுங்காமலிருக்கச் சுற்றிலும் ஸ்பேசர் ஒட்டி, 1.5 நம்பர் கவர்ஸ்லிப் போட்டு மூடினார். எது எந்தக் குழு என்பது ஆய்வகத் தோழி ஒருவரின் நோட்டில் மட்டும் இருந்தது.

இப்போது கவர்ஸ்லிப் தடிமன் முக்கியம், அதனால்தான் அந்த வளையம். அதைத் திருகும் முறை பயப்படும் அளவுக்கு இல்லை. டிடெக்டரைப் பிரதிபலிப்புக்கு மாற்றி, பக்கவாட்டு ஸ்கேனில் கவர்ஸ்லிப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். வளையம் தவறான இடத்தில் இருந்தால் கோடு தடித்து, ஒரு பக்கம் புகை மாதிரி இருக்கும். கொஞ்சம் திருகு, ஃபோகஸ் நகரும், திரும்பப் பிடி, மறுபடி திருகு. கோடு மெலிந்து பளிச்சென்று ஆகும் இடத்தில் நிறுத்து. முதல் ஸ்லைடுக்குக் கால் மணி நேரம் ஆனது. நாலாவதை அவரே இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

அப்புறம் நேரக் கணக்கு. 40 மைக்ரான் ஆழத்தை 0.35 மைக்ரான் படியில் எடுத்தால் சுமார் 115 தளம். 1024 வரி, 400 ஹெர்ட்ஸ், ஒருதிசை, நான்கு சராசரி, அடுத்தடுத்து இரண்டு சாயம் என்றால் ஒரு ஸ்டாக்குக்கு 40 நிமிடம் ஆகும். அத்தனை நேரம் லேசர் பட்டால் அலெக்சா வெளுக்கும், ஏசி காற்றில் ஃபோகஸும் நகரும். ஒளி இப்போது தாராளமாக வருவதால் பேரம் பேச முடிந்தது. 600 ஹெர்ட்ஸ் இருதிசை, இரண்டு சராசரி. ஆறரை நிமிடம். பின்ஹோல் 1 யூனிட், லேசர் 4 சதவீதம், கெயின் 680. லேசர் ஆறில் ஒரு பங்காக இறங்கியதைப் பார்த்து "இது போதுமா அண்ணா?" என்றார். 30 மைக்ரான் ஆழத்தில் ஒரு மைக்ரோக்ளியாவின் கிளை நுனி வரை தெரிந்தது, பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் பார்க்கும்போது மார்வின் மின்ஸ்கி நினைவுக்கு வருகிறார். 1957ல் கான்ஃபோக்கலுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர். அவருக்கும் பிரச்சினை மூளைத் திசுதான். கெட்டியான திசுவுக்குள் நரம்பு செல்களின் இணைப்பைப் பார்க்கவிடாமல் சிதறிய ஒளி மறைத்தது. லேசரே இல்லாத காலத்தில், ஒளியை அசைக்காமல் மேடையை அசைத்து அதைச் சாதித்தார்.

உட்கருக்களை முதலில் அளந்தோம். அகலம் 9, உயரம் ஒன்பதரை, இரண்டு குழுவிலும். அந்த அரை மைக்ரான் லென்ஸின் செங்குத்து மங்கல், அதை எதிர்பார்த்தோம். அதற்குப் பிறகே மைக்ரோக்ளியா. தோழியின் நோட்டைத் திறந்து குழு பிரித்தபோது, பழைய வீக்கத்தின் பெரும்பகுதி காணோம். கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் இத்தனை எலிகளை வைத்து அதை உண்மை என்று சொல்ல அவரே தயாராக இல்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. மருந்துக் குழுவில் கிளைகள் குட்டையாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தன. 0.36 மைக்ரான் பிக்சலிலும் 2 மைக்ரான் படியிலும் அந்தக் கிளைகள் கண்ணிலேயே பட்டிருக்காது. அத்தியாயம் இப்போது அதைப் பற்றியது, புதிய எலிகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் முன்பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: எந்த மீடியம், யார் போட்டது, என்றைக்கு. பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த சீனியரின் செட்டிங்கை நான் அழிக்கவில்லை. மருந்துச் சீட்டு மாதிரி கணினியில் அப்படியே கிடக்கிறது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்: "பிபிஎஸ் ஸ்லைடு, திறப்பதற்கு முன் என்னைக் கூப்பிடவும்." போன வாரம் ஒருவர் கூப்பிட்டார்.